தட்டு மறையும் ஆழம்

செவ்வாய்க்கிழமை என்றால் பூங்கோதைக்குத் தட்டு இறக்கும் நாள். சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வட்டத் தகடு. நான்கு பாகமாகப் பிரித்துக் கறுப்பும் வெள்ளையும் மாற்றி மாற்றிப் பூசியிருக்கும். நடுவில் அளவு குறித்த கயிறு. தண்ணீரில் மெல்ல இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்குத் தெரியாமல் போகிறதோ அதைச் சொல்ல வேண்டும். அதுதான் தண்ணீரின் தெளிவு. நீர்த்தேக்கம் முழுக்க சென்சார்கள் மிதந்துகொண்டு ஓயாமல் கணக்கு அனுப்பினாலும், தெளிவுச் சட்டத்தை எழுதிய புண்ணியவான்கள் ‘மனிதக் கண்ணாலும் பார்க்கப்பட வேண்டும்’ என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். அந்த ஒரு வரியில்தான் அவளுடைய உத்தியோகம் ஓடியது.

தோணி தானாகவே நடு ஏரிக்குப் போய் நின்றது. பூங்கோதை கயிற்றை விட்டாள். தட்டு இறங்கியது, இறங்கிக்கொண்டே போனது, கடைசியில் பஸ் ஸ்டாண்டு கூரை மேல் போய் உட்கார்ந்தது. பக்கத்துச் சுவரில் எழுதியிருந்த ஊர்ப் பெயரைக்கூட மேலிருந்தே வாசிக்க முடிந்தது.

“மறையவில்லை. தரை தட்டியது” என்று ஸ்கிரீனுக்குச் சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்தாள். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவள் சொல்லிவரும் பதில் இது ஒன்றுதான். மறைவதைப் பார்ப்பதற்காகவே செய்த தட்டு அது. அது மறைந்து அவள் பார்த்ததே கிடையாது.

கீழே கிடந்த ஊர் செம்பனூர். அணை கட்டியபோது முழுகிய ஊர். அவள் பிறந்த ஊர். அப்போது அவள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மரங்களை எல்லாம் வெட்டிவிட்டு, கதவு ஜன்னல்களைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு, சனங்கள் மேட்டுக்குப் போனார்கள். செம்மண் கலந்த ஆற்றுத் தண்ணீர் வந்து ஊரை மூடியது. அத்தோடு போயிற்று என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

பிறகு வறட்சிக் காலம் வந்தது. ஊருக்கு ஊர் சுத்திகரிப்பு ஆலை நடத்தக் கட்டுப்படியாகாமல், தண்ணீரை இருக்கும் இடத்திலேயே தெளிய வைத்துவிடுவது என்று அரசு முடிவு செய்தது. தெளிமிகள் வந்தன. கண்ணுக்குத் தெரியாத நுண்பொறிகள். மிதக்கிற பாசியைத் தின்னும், மண்துகளைச் சேர்த்துப் பிடித்து அடியில் படிய வைக்கும். கோடிக்கணக்கில் கொட்டினார்கள். இரண்டாம் கோடையில் தண்ணீர் கண்ணாடி ஆகிவிட்டது. மீன் பிடிக்கப் போன ஒருவர் குனிந்து பார்த்து, தன் வீட்டு மொட்டைமாடியைக் கண்டு, வலையை அப்படியே போட்டுவிட்டுக் கரைக்கு வந்து கத்தினார். அன்றைக்குப் புதுச் செம்பனூரில் ஒரு வீட்டிலும் உலை வைக்கவில்லை.

அதற்கப்புறம் ஊரே ஞாயிற்றுக்கிழமையானால் ஏரியில்தான். அடியில் கண்ணாடி பதித்த பார்வைத் தோணிகள் வந்தன. பொங்கல் வந்தால் வீட்டு வாசல் நேராகத் தோணியை நிறுத்தி, வெள்ளைக் கூழாங்கல்லைக் குழாய் வழியே இறக்கிக் கோலம் போட்டார்கள். சுவரில் பாசி பிடித்து வீட்டின் அடையாளம் மங்கத் தொடங்கியதும் முங்கிகளை வாடகைக்கு எடுத்தார்கள். பிரஷ் கட்டிய சின்ன இயந்திரம். மேலிருந்தபடியே ஓட்டிச் சுவரைத் தேய்க்கலாம். மேலே இருக்கிற வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்காதவர்கள்கூட கீழே இருக்கிற வீட்டைப் பளிச்சென்று வைத்துக்கொண்டார்கள்.

அதில் முதல் ஆள் பூங்கோதையின் அக்கா தெய்வாத்தாள். பொங்கலுக்கு ஒருமுறை என்று மற்றவர்கள் இருக்க, அக்கா வாராவாரம் தேய்த்தாள். முங்கியைச் சொந்தமாகவே வாங்கிவிட்டாள்.

அந்த ஆண்டுப் பொங்கல் முடிந்ததும் குழாய்த் தண்ணீரில் மண்வாசம் அடித்தது. கரையோரம் தண்ணீர் குடித்த நாய்கள் இரண்டு விழுந்து செத்தன. கீழ்ப்பக்கத்து ஊர்களில் குழந்தைகளுக்கு வாந்தி. ஒரு கைக்குழந்தை ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தது. சென்சார்கள் எல்லாம் தண்ணீர் தெளிவு, தண்ணீர் தெளிவு என்றே பாடிக்கொண்டிருந்தன. மாதிரி எடுக்கும் குழாயைப் பூங்கோதை தண்ணீரின் மேல்மட்டத்தில் விடாமல், முதல் தடவையாக அடிமட்டம் வரை, சுவரோரமாக விட்டுப் பார்த்தாள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து முடிவு வந்தது. தெளிந்த தண்ணீரில் வெயில் தடையில்லாமல் அடிவரை இறங்கியிருந்தது. சுவர்களில் படர்ந்திருந்தது சாதாரணப் பாசி இல்லை. கருநீலப் படலமாக ஒட்டி வளர்கிற நஞ்சுப்பாசி. மிதக்கிற பாசியைத் தின்னத் தெரிந்த தெளிமிகளுக்கு ஒட்டிக்கொண்ட பாசியைத் தின்னத் தெரியவில்லை. தொடாமல் விட்டாலும் மெல்லக் கசியும்தான். தேய்த்தாலோ உடைந்து நஞ்சைக் கொட்டும். உடைந்த துண்டு ஒவ்வொன்றும் அடுத்த சுவரில் போய் ஒட்டும். ஊரே பிரியத்தோடு தேய்த்துத் தேய்த்து அதை ஏரி முழுக்கப் பயிர் செய்திருந்தது. எடுத்த மாதிரிகளிலேயே நஞ்சு மிக அதிகமாக இருந்தது தெய்வாத்தாள் தேய்த்த சுவரில், அதாவது பூங்கோதை பிறந்த வீட்டுச் சுவரில்.

கோட்டப் பொறியாளர் போனில் கேட்டார்: “இப்ப என்னம்மா வழி? தேய்க்கறத நிறுத்திட்டாப் போதுமா?”

“போதாதுங்க சார். வெயில் இறங்கற வரைக்கும் அது வளரும். நிழல் வேணும்.”

“மேல ஷீட் போட்டு மூடிறலாமா?”

“மூடினா ஏரி மூச்சு முட்டிச் செத்துரும். தெளிமிகளத் திருப்பி எடுத்துட்டு, ஆத்துத் தண்ணிய அப்படியே உள்ள விடணுங்க. கலங்கல்தான் நிழல். கலங்கின தண்ணிய அவங்கவங்க வீட்டுலயே வடிகட்டிக் குடிச்சுக்கலாம். இந்த நஞ்ச வடிகட்ட நம்மகிட்ட ஒண்ணும் இல்ல.”

“ஊரு மறைஞ்சு போயிருமேம்மா.”

“மறைஞ்சுருங்க.”

“நீங்க அந்த ஊர்க்காரங்கதான? நல்லா யோசிச்சுப் பரிந்துரை அனுப்புங்க. நீங்க சொன்னா நான் கையெழுத்துப் போடறேன்.”

யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் அன்று சாயங்காலம் அவள் கால்கள் அக்கா வீட்டுக்குத்தான் போயின. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளுக்கென்று மிச்சம் இருந்த ஒரே சொந்தம் அக்காதான். அவளிடம் சொல்லாமல் செய்ய மனசு வரவில்லை.

தெய்வாத்தாள் வாசலில் முங்கியின் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தாள். “வா கோதை. காப்பி வெக்கட்டுமா? பாரு, இந்த வாரம் சமையக்கட்டுச் செவுரு முச்சூடும் தேச்சுப்போட்டேன். அம்மா பொகையேத்தின கறுப்புகோடத் தெரியுது.”

பூங்கோதை அக்காவின் கைகளையே பார்த்தாள். மணிக்கட்டு வரை தடித்துச் சிவந்து, தோல் உரிந்திருந்தது.

“இதென்னக்கா கையி?”

“அதா? சோப்பு ஒத்துக்கல.” தெய்வாத்தாள் கைகளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள்.

பூங்கோதை எல்லாவற்றையும் சொன்னாள். பாசி, நஞ்சு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் குழந்தை, செய்ய வேண்டியது. அக்கா மறுபடி பிரஷை எடுத்துக் கழுவிக்கொண்டே கேட்டாள். கடைசியில் பிரஷைக் கீழே வைத்தாள்.

“அப்ப என்ற ஊட்ட நீ மண்ணள்ளிப் போட்டு மூடப்போற.”

“அக்கா, அது எனக்கும் ஊடுதான்.”

“உனக்கு என்ன தெரியும்? நீ சின்னப்புள்ள. ஊட்ட விட்டு வந்தன்னிக்கு அப்பன் திரும்பித் திரும்பிப் பாத்துட்டே வந்தாரு. சாகற வரைக்கும் அந்தத் தண்ணியவே பாத்துட்டு ஒக்காந்திருந்தாரு, ஒண்ணுந் தெரியல அவுருக்கு. எனக்குத் தெரியுது. அவுருக்கும் சேத்து நான் பாக்கறேன். அதப்போயிக் கெடுக்கறியே!”

“கொழந்தைக குடிக்கற தண்ணிக்கா.”

“வேற ஆளே இல்லையா சொல்றதுக்கு? நீதான் சொல்லோணுமா?”

“நாந்தான் சொல்லோணும். அது என்ற வேலை.”

“அப்ப வேலையவே கட்டிட்டு அழு. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத.”

காப்பி வராமலே பூங்கோதை எழுந்து வந்தாள். வழியெல்லாம் அழுதாள். அழுதுகொண்டே அன்று இரவு பரிந்துரையை அனுப்பினாள்.

கடைசித் தெளிவு ஞாயிறு என்று அறிவித்தார்கள். ஏரியில் தோணிக்கு இடமில்லை. வயசானவர்கள் கண்ணாடித் தரையில் முழங்கால் போட்டுக் குனிந்திருந்தார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை, கைக்குழந்தையின் கதை அதற்குள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. துக்கம் மட்டும் இருந்தது. அக்காவின் தோணியை அவர்கள் வீட்டுக்கு மேலே பூங்கோதை பார்த்தாள். அக்கா நிமிரவே இல்லை. பூங்கோதையும் தள்ளி நின்றபடியே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டாள்: கதவில்லாத வாசல், மூன்று படி, யாரோ போன பொங்கலுக்குப் போட்ட கூழாங்கல் கோலம்.

தெளிமிகளைக் காந்த வலை போட்டு வாரி எடுத்தார்கள். ஆடி மாதம் ஆற்றில் புதுவெள்ளம் வந்தது. மதகு திறந்ததும் சிவப்புத் தண்ணீர் ஏரிக்குள் புகுந்து, தெருத் தெருவாக ஊரை மூடிக்கொண்டு போனது.

கார்த்திகை வாக்கில் நஞ்சு அளவு இறங்கியது. ஆஸ்பத்திரியில் இருந்த குழந்தை வீடு திரும்பித் தவழ ஆரம்பித்துவிட்டது என்று சொன்னார்கள். பூங்கோதைக்கு நிம்மதிதான். ஆனால் அக்கா வாசலைத் தாண்டிப் போகிற ஒவ்வொரு முறையும் நடையைக் குறைத்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நஞ்சு இறங்கும் வரை ஏரிக்குள் தோணி விடக்கூடாது என்றிருந்த தடை நீங்கிய முதல் செவ்வாய்க்கிழமை அவள் தோணியில் ஏறப்போகும்போது படித்துறையில் தெய்வாத்தாள் நின்றிருந்தாள். கைகள் ஆறியிருந்தன.

“நானும் வரட்டா?”

“வாக்கா” என்று பூங்கோதை தோணியைப் படியோரம் இழுத்துப் பிடித்தாள்.

தோணியை வழக்கமான இடத்துக்கு விடாமல், வீட்டுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினாள். வீட்டுக்கு மேலேதான் என்று ஸ்கிரீன் சொன்னது. கண்ணுக்கு டீ நிறத் தண்ணீர்தான் தெரிந்தது. கயிற்றை விட்டாள். வெள்ளை பழுப்பானது, பழுப்பு மங்கியது, தட்டு போயே போய்விட்டது. கயிறு மட்டும் தண்ணீருக்குள் இறங்கி நின்றது. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் கயிற்றில் ஓர் அளவைப் படித்தாள். அவள் உயரம்கூட வரவில்லை.

“ஒண்ணுமே தெரியல” என்றாள் தெய்வாத்தாள். குரலில் சண்டை இல்லை. விளிம்பைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்தாள். பிறகு திடீரென்று, “கெணத்து மேட்டுல அந்தக் கொய்யா மரம் இருந்துச்சே, உனக்கு நெனவிருக்கா?” என்றாள்.

பூங்கோதை நிமிர்ந்தாள். மரத்தைத் தண்ணீர் வருவதற்கு முன்பே வெட்டிவிட்டார்கள். இத்தனை வருஷம் வாராவாரம் பார்த்த வீட்டில் மரமே கிடையாது. பார்த்துப் பார்த்து, மரம் ஒன்று இருந்ததையே இருவரும் மறந்திருந்தார்கள். வீட்டுக்கு மேலே உட்கார்ந்துகொண்டு வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அதுதான் கண்ணெதிரே கிடந்ததே.

“கொய்யா இல்லக்கா. அது நாரத்த.”

“உனக்கென்ன கிறுக்கா? செகப்புக் கொய்யா. அப்பன் ஏணி போட்டுப் பறிப்பாரு. நீ கீழ நின்னு பாவாடைய விரிச்சுப் புடிப்ப.”

“நாரத்தையத்தான் புடிச்சேன். முள்ளுக் குத்தி அழுதனே, நீதான மஞ்ச வெச்ச?”

“அது கதவு கீறினது. பச்சக் கதவு. கீழ்ப்பலகை பேந்து ஆணி நீட்டிட்டு இருக்கும்…”

பச்சைக் கதவு. தெய்வாத்தாள் சட்டென்று நிறுத்தினாள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பூங்கோதை கயிற்றை ஒரு கையில் சுற்றிக்கொண்டு, அக்கா பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தாள். தோணியின் ஸ்கிரீன் அளவு என்ன, அளவு என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

“சித்த இரு, சொல்றேன்” என்று அதற்குச் சொல்லிவிட்டு, “பச்சையா, நீலமா?” என்றாள் அக்காவிடம்.