எடுத்த கண்ணின் அலை

இடது பக்க ஒயரை மெர்சி மாட்டவே இல்லை. கொக்கியில் அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் கணினித் திரையில் இடது கண்ணுக்கான கோடு ஒரு தரம் அசைந்து அடங்கியது.

ஏ.சி. அதிர்வாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெளியே காலை பதினொரு மணி வெயில் கொளுத்திக்கொண்டிருக்க, சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளம்பும் வண்டிகளின் ஹாரன் சுவருக்கு அப்பால் தண்ணீருக்குள் கேட்பது போல மழுங்கிக் கேட்டது. உள்ளே இரட்டைக் கறுப்புத் திரைக்குப் பின்னால், சிவப்புத் தாள் ஒட்டிய கணினியின் மங்கல் தவிர வேறு வெளிச்சம் கிடையாது. ஸ்பிரிட் வாடை, சாய்வு நாற்காலியின் பழைய ரெக்ஸின் வாடை, அதற்கு மேலே ஒரு பை பச்சைக் கடலையின் மண்வாடை.

"உனக்குன்னுதாங் கண்ணு தோட்டத்துல புடுங்கியாந்தேன்," என்றாள் நாற்காலியில் சாய்ந்திருந்த பொன்னாத்தாள். பெருந்துறைக்காரி. அறுபது வயது இருக்கும். "எங்கூட்டு எருமைக்கு மூக்கணாங்கவுறு போட்டாப்பல என்னையக் கட்டிப்போட்டுட்டே. அதுகூட இத்தன ஒயரு கேக்காது."

"ஆடாம இருங்கம்மா. முடிஞ்சுருச்சு."

மெர்சிக்கு இந்த அம்மாள் திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

கண் ஆஸ்பத்திரியில், விழித்திரை வெளிச்சத்துக்கு என்ன பதில் சொல்கிறது என்று அளக்கிற அறை அது. அரை மணி நேரம் இருட்டில் உட்கார வைத்து, கண்ணோரம் முடி போன்ற வெள்ளி இழையைப் பொருத்தி, முகத்துக்கு நேரே ஒரு பளிச். நல்ல கண்ணாக இருந்தால் கோடு ஒரு பள்ளம் இறங்கி, விறுவிறுவென்று மேடேறும். ரத்தக்குழாய் அடைத்த கண் என்றால் அந்த மேடு குட்டையாக, தாமதமாக, மனசில்லாமல் எழும்பும்.

ஜனவரியில் பொன்னாத்தாள் வந்தபோது இடது கண்ணில் அடைப்பு. அன்று இலவச முகாம் கூட்டம். வலது கண்ணின் அலையைப் பதிவெடுத்தாயிற்று; இடது கண்ணில் நீர் வடிந்து வடிந்து இழை மூன்று தடவை நழுவியது. சரியாகப் பொருத்த விளக்கைப் போட வேண்டும். விளக்கைப் போட்டால் மறுபடி அரை மணி நேரம் இருட்டு. வெளியே பதினேழு பேர் டோக்கனோடு முறைத்துக்கொண்டிருந்தார்கள். மெர்சி வலது கண்ணின் அலையையே இன்னொரு தரம் எடுத்தாள். 'இடது' என்று போட்டு அனுப்பிவிட்டாள்.

அதைப் பார்த்துவிட்டு டாக்டர் தமிழ்ச்செல்வன், விழித்திரை தெம்பாக இருக்கிறது, லேசர் இப்போது வேண்டாம் என்றார். ஒன்பதாம் வாரம் பொன்னாத்தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அழுத்தம் ஏறி, பார்வை அவிந்து, வலி தாங்காமல் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தாள். கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று. "சில கண்ணு இப்படித்தான் ஏமாத்தும்," என்றார் டாக்டர். மெர்சி பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடும்.

இப்போது வலது கண்ணிலும் புகை. "ஜனவரியில எடுத்த இடது கண் ரிப்போர்ட்டோட ஒப்பிட்டுத்தான் இதுக்கு லேசரா, பொறுத்துப் பாக்கறதான்னு முடிவு பண்ணணும்," என்று காலையில் டாக்டர் சொல்லியிருந்தார். அந்த ரிப்போர்ட் பொய் என்று உலகத்தில் தெரிந்தவள் ஒருத்திதான்.

மெர்சி பொத்தானை அழுத்தினாள். பளிச்.

வலது கோடு இறங்கி ஏறியது. கொஞ்சம் தளர்ச்சி. அதற்குக் கீழே இடது கோடும் இறங்கியது. குட்டையாக, தாமதமாக, மனசில்லாமல் எழும்பியது.

ஆறு வருஷ வேலையில் இந்த வடிவத்தை எத்தனை பார்த்திருக்கிறாள்! அடைத்த கண்ணின் அலை. ஜனவரியில் அவள் எடுக்காமல் விட்ட அலை.

கணினியோடு இணைந்த பெட்டியிலிருந்து இடது ஒயரின் மறுமுனையையும் பிடுங்கி மேஜைமேல் போட்டாள். பளிச். மறுபடி அதே அலை.

"ஏங்கண்ணு," பொன்னாத்தாளின் குரல் இருட்டில் சாவகாசமாக வந்தது. "கட்டுப் போட்ட பக்கமும் வெளிச்சம் அடிக்குதே?"

"அது... அப்பிடித்தாங்கம்மா தோணும். கொஞ்ச நாளைக்கு."

"ஓஹோ."

மெர்சி அந்தப் பளிச் விளக்கை நிறுத்தினாள். வெளிச்சமே இல்லை. இனி இரண்டு கோடும் படுத்துவிட வேண்டும். வலது படுத்தது. அவள் ஓரடி பின்னால் நகர்ந்தாள். இடது துள்ளியது. கையைத் தூக்கினாள். துள்ளியது. திரையின் மங்கல் எட்டாத, அவள் கையை அவளாலேயே பார்க்க முடியாத இருட்டு.

"கையத் தூக்கிட்டு எதுக்குக் கண்ணு நிக்கறே?"

மெர்சியின் முதுகு சுவரில் பட்டது.

"ஒண்ணு கேக்கோணும்," என்றாள் பொன்னாத்தாள். "அன்னிக்கு நான் சித்த நேரம் ஆடாமக் குந்தியிருந்தா இந்தக் கண்ணு பொழச்சிருக்குமா? 'உனக்கு ஒரு எடத்துல இருப்புக் கொள்ளாது, அதுதான் மிசினு தப்பாக் காட்டிப்போடுச்சு'ன்னு ஊட்டுல எல்லாரும் பேசறாங்க. நெசமா கண்ணு?"

ஏ.சி. நின்றுவிட்டது போலிருந்தது. ஹாரன் ஒன்றுகூடக் கேட்கவில்லை. திரையில் இரண்டு கோடும் அசையாமல் கிடந்தன, காது கொடுத்துக் கேட்பது போல.

சொல்லிவிடலாம். நான்தாம்மா என்று ஒரே வார்த்தை. வேலை போகும். மானம் போகும். இந்த அம்மாளுக்கு மிச்சமிருக்கிற கண் பிழைக்கும். வார்த்தை தொண்டை வரை வந்தது. நாக்கு நுனியில் நின்றது.

"ஆமாங்கம்மா," என்றாள் மெர்சி. "அன்னிக்கு நீங்க ரொம்ப ஆடிட்டீங்க."

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

நாற்காலியில் வளையல் ஒலித்தது.

"எம்மேலதான் தப்பு. மன்னிச்சுப்போடு கண்ணு. உனக்கும் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன்."

மெர்சிக்கு அழுகை வரவில்லை. உடம்பு முழுக்க யாரோ எச்சில் துப்பியது போல் கூசியது.

திரையில் இடது கோடு எழும்பியது. குட்டையாக இல்லை. தாமதமாக இல்லை. ஏறியது. திரையின் விளிம்பைத் தாண்டி ஏறியது. வலது கோடு கீழே ஒரு நூல்போலக் கிடந்தது.

விளக்கு. சுவரைத் தடவினாள். ஸ்விட்ச். எங்கே ஸ்விட்ச்?

கிடைத்தது.

வெள்ளை வெளிச்சத்தில் பொன்னாத்தாள் இரண்டு கையையும் கூப்பியபடி சாய்ந்திருந்தாள். வலது கண் மூடியிருந்தது. வாய் லேசாகத் திறந்து, தூங்குகிறவள் போல.

இடது பக்கத்துப் பஞ்சுக் கட்டு உள்ளே குழிந்திருக்க வேண்டும். அது புடைத்திருந்தது.

மெர்சி கதவை நோக்கி நகர்ந்தாள். பஞ்சுக்கு அடியில் உருண்டையாக ஏதோ அவள் பக்கம் திரும்பியது.

நின்றாள். நின்றது.

மறுபக்கம் ஓரடி வைத்தாள். வந்தது.

"அம்மா?"

பொன்னாத்தாளின் கூப்பிய கை பிரியவில்லை. கன்னத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியின் ஒரு முனை, யாரும் தொடாமல், தோலை இழுத்துக்கொண்டு மெல்ல மெல்ல எழும்பியது.