நாற்பத்து மூன்றாவது தூறு

நாற்பத்திரண்டு தகரச் சீட்டுகளையும் தூறுக்கொன்றாக அக்கா கட்டி முடித்த பிறகும் ஒரு புல்தூறு மிஞ்சி நின்றது.

கயிற்றால் வளைத்த சதுரத்தின் கீழ் மூலையில், முழங்காலுயரத்தில், பழைய புல்தாள்கள் வைக்கோலாகித் தொங்க, அது நின்றது. அந்தச் சரிவில் புல் படர்வதில்லை. ஒவ்வொரு தூறும் அடுத்ததிலிருந்து இரண்டடி விலகி, நடுவே சரளையை வெறுமையாக விட்டுத் தனியே நிற்கும். இடையிடையே சாம்பல் நிறப் புதர்கள் கசப்பாக மணக்கும். ஒரு தூறு முழங்காலை எட்ட இருபது ஆண்டுகளாவது ஆகும். சென்ற கோடையில் அந்த மூலையில் ஒரு கல்லைத் தவிர வேறொன்றும் இருந்ததில்லை.

கணக்கெடுப்பு இருவர் வேலை. ஒருவர் தூறுகளுக்கிடையே நடந்து எண்ணைச் சொல்வார்; மற்றவர் மூலைக்கல்லருகே நின்று அதைத் திருப்பிச் சொல்லி எழுதுவார். எழுதுபவர் கால் பெயர்க்கக் கூடாது. மிதிபட்ட மேல்மண் தேறப் பல ஆண்டுகள் ஆகும். அந்த விதியை வகுத்தவள் அக்காதான். சென்ற ஆண்டு எழுதிய குமாஸ்தா, எண்ணி முடிப்பதற்குள் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். நோட்டு மட்டும் கல்லின்மேல் கிடந்தது. பிறகு அவர் அலுவலகத்துக்கும் வரவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அதனால்தான் இந்த ஆண்டு, வீட்டில் எல்லாரும் வாலு என்றழைக்கும் தங்கையை அவள் அழைத்து வந்திருந்தாள்.

கணக்கு பிசகினால் எதிர்த்திசையிலிருந்து எண்ண வேண்டும். அக்கா, தங்கை எழுத நின்றிருந்த மேல் மூலைக்கு ஏறினாள். தங்கையின் காலணிகள் சரளைக்குள் புதைந்திருந்தன.

"காலைப் புதைச்சு விளையாடுற வயசாடி உனக்கு?"

"நான் எங்க புதைச்சேன்? நீ நில்லுன்ன, நிக்கிறேன். பாதம் ரெண்டும் சில்லுன்னு இருக்குக்கா. கொஞ்சம் தள்ளி நின்னுக்கட்டுமா?"

உச்சி வெயில். பாறையில் உள்ளங்கையை வைக்க முடியவில்லை.

"எண்ணி முடிக்கிறவரைக்கும் அசையாத."

"சரிங்க மேடம். செத்தாலும் நின்னுக்கிட்டே சாகறேன்."

அக்கா சிரிக்கவில்லை. தங்கைக்கு முதுகைக் காட்டி, ஒவ்வொரு சீட்டாகத் தொட்டுக்கொண்டே சரிவில் இறங்கினாள். அவள் எண்ணைச் சொல்ல, மேலேயிருந்து அதே எண் திரும்பி வந்தது. பன்னிரண்டு வரை உடனுக்குடன் வந்தது. இருபதுக்குப் பிறகு சற்றுத் தாமதித்தது. முப்பதில் குரல் கரகரத்தது. உலர்ந்த தாள்கள் ஒன்றோடொன்று உரசுவதைப் போல ஒலித்தது. தாகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். காற்றே இல்லை, ஆனாலும் பின்னால் எங்கோ புல் சலசலத்தது.

"நாற்பத்திரண்டு."

"நாப்பத்தி... ரெண்டு."

சீட்டில்லாத தூறின் முன் மண்டியிட்டாள். தொங்கிய வைக்கோலை இரு கைகளாலும் வகிர்ந்தாள். உள்ளே, தாள்களோடு தாளாகப் பின்னிக்கிடந்தது ஒரு நூல். நூலின் முனையில் ஒரு பென்சில்.

குமாஸ்தா கழுத்தில் கட்டியிருந்த பென்சில். சென்ற ஆண்டு அவர் எழுத நின்ற மூலை.

"வாலு, இறங்கி வா."

மேலே சலசலப்பு மட்டும்.

"விதியும் வேணாம், ஒண்ணும் வேணாம். ஓடி வாடி."

அவளே ஓடினாள். தூறுகளை மிதித்தாள். கயிறு காலில் சிக்கி அறுந்தது. விழுந்தாள். எழுந்தாள்.

மூலைக்கல்லருகே நோட்டு கிடந்தது. அதன் பக்கத்தில் ஒரு தூறு. இடுப்புயரம். நடுவில் தாள்கள் இன்னும் பச்சை. சுற்றிலும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, வைக்கோலாகி வந்தன.

இரு கைகளிலும் அள்ளிப் பிடித்தாள். வேரோடு இழுத்தாள். சரளை விரிந்தது.

"இழுக்காதக்கா," என்றது உள்ளிருந்து. "வலிக்குது."

இழுப்பதை நிறுத்தினாள். கைகளை விடவில்லை. விட்டால் யாரிடம் விட்டுப் போவது?

அசையாமல் நின்றாள்.

வெயில் சுட்டது. சரளை கொதித்தது. அவள் பாதங்கள் இரண்டும் சில்லிட்டன.