கூடாரத்தைப் பிடித்த சாக்ஸ்

பள்ளியின் நடைபயண மன்றத்தில் ஒரு விதி உண்டு. யார் மெதுவாக நடக்கிறாரோ அவர்தான் வரிசையில் முதலில் போக வேண்டும். அவரை யாரும் முந்தக் கூடாது.

அதனால் மலைப்பாதை முழுக்கச் சுண்டெலிதான் முன்னால் நடந்தாள். மன்றத்தில் புதிதாகச் சேர்ந்தவள், இருப்பதிலேயே சின்னவள் என்பதால் அந்தப் பட்டப்பெயர். அவளுக்குப் பின்னால் நெட்டை. தன் நீளமான கால்களைக் குறுக்கிக் குறுக்கி வைத்து, பொறுமையாக நடந்தாள். அடுத்து ரேடியோ. வாய் ஓயாமல் பேசுவதால் அவளுக்கு அந்தப் பெயர்.

மூவருக்கும் ஒரே கூடாரம். துணி நெட்டையின் பையில், கம்பிகள் ரேடியோவின் பையில். கயிறுகளை இழுத்துக் கட்டுவதற்கான இரும்பு முளைகள் சுண்டெலியின் பையில்.

உச்சியில், நாற்காலி போலிருந்த ஒரு பாறையருகே ஓய்வுக்கு நின்றார்கள். சுண்டெலிக்கு மூச்சு வாங்கியது.

"கனமா இருக்கறதை எடுத்து வை. நான் தூக்கிட்டு வரேன்" என்றாள் நெட்டை.

சுண்டெலி முளைப் பையை எடுத்துப் பாறைமேல் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ரேடியோ கத்தினாள்: "கடல் தெரியுது! கடல் தெரியுது!"

எல்லாரும் ஓடினார்கள். கடலைப் பார்த்து முடிப்பதற்குள், அவர்களைக் கூட்டி வந்த மிஸ் விசில் ஊதிவிட்டார். அவரவர் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

கடற்கரைக்கு வந்து கூடாரத்தை விரித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

"முளையை எடு" என்றாள் நெட்டை.

"உங்கிட்டதானே இருக்கு?" என்றாள் சுண்டெலி.

"எங்கிட்டயா? நீயே திரும்பப் பையில வச்சுக்கிட்டேன்னு நினைச்சேன்."

"நீ எடுத்துக்கிட்டேன்னு நான் நினைச்சேன்."

ரேடியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப அது இன்னும் பாறை மேலயே உக்காந்துக்கிட்டு இருக்கா?"

சுண்டெலியின் முகம் வாடிப்போனது. மன்றத்துப் பொருளைத் தொலைத்தவருக்கு அடுத்த பயணம் கிடையாது. மிஸ் விதியில் கறாரானவர். போன தடவை ஒரு பையன் திசைகாட்டியைத் தொலைத்துவிட்டு அழுத அழுகைக்கும் அவர் மசியவில்லை.

"என் பையில இருந்ததுதானே, என்னைத்தான் கேப்பாங்க" என்றாள் சுண்டெலி. அவள் கண் கலங்கியது. நெட்டைக்குச் சுருக்கென்றது. உதவுகிறேன் பேர்வழி என்று மாட்டிவிட்டவள் அவள்தானே!

அவள் நேராக மிஸ்ஸிடம் போனாள். "மிஸ், முளையை உச்சியிலேயே விட்டுட்டு வந்துட்டோம். நான் தூக்கிட்டு வரேன்னு சொல்லிட்டு எடுக்க மறந்துட்டேன். சுண்டெலி மேல தப்பில்லை. நாளைக்கு அதே வழியாத்தானே போறோம், எடுத்துடறோம்."

மிஸ் யோசித்தார். "நாளைக்குக் கையில காட்டுங்க. மிச்சத்தை அப்புறம் பேசிக்கலாம். இப்ப கூடாரம் நிக்கலைன்னா மூணு பேரும் என் கூடாரத்துலதான் படுக்கணும்."

ரேடியோ நெட்டையின் காதில் கிசுகிசுத்தாள். "ஐயையோ! மிஸ் விடற குறட்டையில கடல் சத்தமே கேக்காதாம்."

கரையில் ஒதுங்கிய குச்சிகளைப் பொறுக்கி வந்து மணலில் அடித்தார்கள். கயிற்றை இழுத்ததும் குச்சிகள் வழுக்கிக்கொண்டு மேலே வந்தன. ஆழமாக அடித்தாலும் அதே கதைதான்.

நெட்டைக்கு அலுத்துப்போனது. காலாவது நனையட்டும் என்று தண்ணீருக்குப் போய் நின்றாள். அலை வந்து போகும்போதெல்லாம் ஈரமணல் அவள் பாதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடியது. காலை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. பலமாக இழுத்த பிறகுதான் பாதம் வெளியே வந்தது.

குச்சியோ சட்டென்று வந்துவிடுகிறது. பாதம் ஏன் வர மாட்டேன் என்கிறது? குச்சி ஒல்லி. பாதம் அகலம், அதுவும் படுத்துக் கிடக்கிறது. மேலே அவ்வளவு மணல்!

நெட்டை ஓடி வந்தாள். "சாக்ஸைக் கழட்டுங்க, சீக்கிரம்!"

"எதுக்கு?"

"மணலை அடைச்சுக் கயித்துல கட்டிப் புதைக்கப் போறோம்."

ரேடியோ தயங்கினாள். "என்னோடதைத் துவைச்சு ரொம்ப நாள் ஆச்சு."

"நல்லதாப் போச்சு. காத்து கிட்டயே வராது!"

சுண்டெலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று பேரின் ஆறு சாக்ஸ், ஆறு கயிறு. முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, மணல் நிறைந்த சாக்ஸைப் படுக்க வைத்து, மூடி, ஏறி மிதித்தார்கள். நெட்டை ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்காத குறையாக இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"என்னது இது, கால் கூடாரமா?" என்று பக்கத்துக் கூடாரத்துப் பையன்கள் கேலி செய்தார்கள்.

சூரியன் இறங்கும் நேரத்தில் கடற்காற்று பிடித்துக்கொண்டது. பையன்களின் முளைகள் மணலிலிருந்து ஒவ்வொன்றாகக் கழன்றன. கூடாரம் உப்பிக்கொண்டு உருளத் தொடங்கியது. அவர்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடினார்கள். மிஸ்ஸின் கூடாரமும் ஒரு பக்கம் சாய்ந்தது. சாக்ஸ் கட்டிய கூடாரம் மட்டும் படபடத்தபடி இடத்திலேயே நின்றது.

மிஸ் வந்து கயிற்றை இழுத்துப் பார்த்தார். பிறகு குனிந்து தன் ஷூவைக் கழற்றினார்.

"எல்லாரும் சாக்ஸைக் கழட்டுங்க" என்றார். "சுண்டெலி, குழி எவ்வளவு ஆழம்னு இவங்களுக்குக் காட்டு."

சுண்டெலி பையன்களிடம் போய், "முழங்கை வரைக்கும். உங்க முழங்கை இல்ல, என்னோடது போதும்" என்று கையை நீட்டிக் காட்டினாள். அன்றிரவு எந்தக் கூடாரமும் ஓடவில்லை. ரேடியோதான் தூக்கத்திலும் பேசிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் திரும்பும்போதும் சுண்டெலிதான் முன்னால். அதனால் பாறையை முதலில் பார்த்ததும் அவள்தான். முளைப் பை வைத்த இடத்திலேயே, பனியில் நனைந்து கிடந்தது.

"இருக்கு மிஸ்!" என்று தலைக்குமேல் தூக்கிக் காட்டினாள்.

"குடு, நான் தூக்கிட்டு வரேன்" என்றாள் நெட்டை.

"வேணவே வேணாம்!" என்று சுண்டெலி அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நெட்டை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மிஸ் விசிலை எடுத்தார். ஊதுவதற்குமுன் சொன்னார்: "அடுத்த பயணத்துக்கு எல்லாரும் ரெண்டு ஜோடி சாக்ஸ் கூடுதலா எடுத்துட்டு வரணும். சுண்டெலி, நீயும்தான்."

சுண்டெலி பையை மாட்டிக்கொண்டு நடந்தாள். அப்போதும் மெதுவாகத்தான் நடந்தாள். யாரும் அவளை முந்தவில்லை.