ஒரு டம்ளர் நீலத் தண்ணீர்

ஞாயிறு, காலை 6.10.

மொட்டைமாடியில் பன்னிரண்டு செடிகளும் தலையில்லாமல் நின்றன.

எவாஞ்சலின் டார்ச்சை அணைத்தார். பாளையங்கோட்டைக்காரர். முப்பது வருடமாக டெல்லியில் நர்ஸ். ரத்தத்தைப் பார்த்துக் கலங்காதவர் இப்போது செடிக்குச் செடி வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தார். ஆகஸ்டில் விதைத்து, பெயின்ட் வாளிகளில் ஆறு மாதம் வளர்த்த ஊதா ப்ரோக்கோலி. நேற்று மாலை வரை ஒவ்வொரு செடியின் நடுவிலும் கைப்பிடி அளவு ஊதாப் பூ இருந்தது.

இன்று பதினொரு மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். மயூர் விஹாரின் இந்த நாலு மாடிக் கட்டடத்துக்குச் செயலாளர் சுந்தரேஷ். போன கூட்டத்தில், "அஞ்சு மாசமா வெறும் இலைதான். வாளியெல்லாம் எடுங்க" என்று உத்தரவு போட்டார். எவாஞ்சலின் எழுந்து நின்று மறுத்தார். சுந்தரேஷை அதுவரை யாரும் மறுத்ததில்லை. கடைசியில் கைதூக்கி முடிவு செய்தார்கள்: அந்த வாளிகளில் விளைந்தது அடுத்த கூட்டத்தில் சாப்பிடும்படியாக மேஜைக்கு வந்தால் வாளிகள் இருக்கும், வராவிட்டால் அன்றே காலி.

மாடிப் பூட்டு உடையவில்லை. ஒரு சாவி எவாஞ்சலினிடம். இன்னொன்று வாட்ச்மேன் அறை ஆணியில், யாரும் எடுக்கலாம். நடுப்பூ மட்டும்தான் போயிருந்தது, கத்தியால் ஒரே வெட்டு. இலைகளில் ஒரு கீறல்கூட இல்லை. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடங்களை விரலால் விலக்கிப் பார்த்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார். அழுவதற்கு அவருக்கு நேரமில்லை.

காலை 7.15. நாலாவது மாடி. வாளிகளுக்கு நேர்கீழே ராஜாராமன் வீடு.

"மாடிக்குப் போனீங்களா சார்?"

"இல்ல."

"என் செடி உங்களுக்குப் புடிக்காதுல்லா?"

"புடிக்காது. சீலிங்கைப் பாருங்க, ஈரம். அதுக்கு நாலு லெட்டர் போட்டாச்சு. அஞ்சாவதும் போடுவேன். கத்தி எடுக்கிற ஆள் நான் இல்ல மேடம்."

காலை 7.40. இரண்டாவது மாடி. சுந்தரேஷின் மனைவி மகள் வீட்டுக்குப் போய் ஒரு வாரமாகிறது. உள்ளே கடுகு தாளித்த வாசனை. வாசலில் மணிபிளான்ட் தொட்டி, பக்கத்தில் ஒரு பாத்திரம் நிறைய நீலத் தண்ணீர்.

"அடடா, பாவமே. குரங்கா இருக்கும்மா."

"குரங்கு கத்தி வச்சிருக்காது சார். இது என்ன தண்ணி?"

"அதுவா? வேட்டிக்கு நீலம்."

"நல்லதாப் போச்சு. என் வெள்ளைக் கோட்டு மஞ்சளடிச்சுக் கெடக்கு. ஒரு டம்ளர் தாங்க."

சுந்தரேஷின் கை ஒரு கணம் நின்றது. ஆனால் ஒரு டம்ளர் நீலத்தை இல்லையென்று எப்படிச் சொல்வது? ஊற்றிக் கொடுத்தார். டம்ளர் வெதுவெதுப்பாக இருந்தது.

காலை 11.00. கீழே பார்க்கிங்கில் கூட்டம். முடிந்ததும் சாப்பாடு, வீட்டுக்கு ஒரு பதார்த்தம். சுந்தரேஷ் கொண்டுவந்தது பச்சைப் பசேலென்று ப்ரோக்கோலிப் பொரியல், தேங்காய்ப்பூ தூவி. மண்டியில் வாங்கினாராம்.

"அச்சா, மேடம். உங்க ஊதாப் பூ எங்க?" என்றார் சுந்தரேஷ்.

எவாஞ்சலின் டம்ளரை மேஜையில் வைத்தார். வெங்காயத் தட்டிலிருந்து எலுமிச்சைத் துண்டை எடுத்துப் பிழிந்தார். நீலம் ரோஜா நிறமானது.

"வேட்டிக்கு நீலம்னு சார் காலையில குடுத்தாரு. நீலத்தை யாரும் அடுப்புல வைக்க மாட்டாங்க, இது வெதுவெதுன்னு இருந்துச்சு. எலுமிச்சை புழிஞ்சா நீலம் இப்படிச் சிவக்கவும் செய்யாது. இது என் ப்ரோக்கோலி வெந்த தண்ணி. வேகும்போது சாயம் தண்ணில இறங்கிரும், காய் பச்சையா நிக்கும். யார் கண்டுபிடிக்கப் போறாங்கன்னு அதையே பொரியலாக்கிக் கொண்டுவந்துட்டாரு. சார், பேசாம குப்பையில போட்டிருந்தா நீங்க தப்பிச்சிருப்பீங்களே?"

சுந்தரேஷ் தலையைக் குனிந்தார். "சாப்பிடுற பொருளை எப்படிக் குப்பையில போடறது?"

யாரோ சிரித்துவிட்டார்கள். அதில் அவருக்கு ரோஷம் வந்தது.

"சரி, நான்தான் வெட்டினேன். ஒரு மீட்டிங்ல என்னை நிக்க வச்சுப் பேசினீங்க, பொறுக்கல. ஆனா முடிவு முடிவுதான். உங்க கையில ஒண்ணும் இல்ல. வாளி இன்னிக்கே காலி."

"முடிவை நீங்களே எழுதினீங்க சார். வாளில விளைஞ்சது சாப்பிடும்படியா மேஜைக்கு வரணும். யார் கொண்டுவரணும்னு எழுதல. வந்திருச்சே, நீங்களே கொண்டுவந்துட்டீங்க."

ராஜாராமன் ஒரு கரண்டி பொரியலைத் தட்டில் போட்டு, மென்று விழுங்கினார். "உப்பு கம்மி. வாளி இருக்கட்டும். சீலிங் லெட்டர் தனி." அவர் கைதான் முதலில் உயர்ந்தது. பிறகு வரிசையாக மற்றவர்களின் கைகள்.

எவாஞ்சலின் இன்னும் உட்காரவில்லை.

"இன்னொண்ணு சார். வெட்டினா தீந்துபோச்சுன்னு நினைச்சீங்க. இது காலிஃப்ளவர் இல்ல, ஒரு பூவோட முடிய. நடுப்பூவை வெட்டினாத்தான் ஒவ்வொரு இலை அடியிலயும் கிளம்பும். காலையிலயே விலக்கிப் பார்த்தேன், பயறு அளவுக்கு எல்லாச் செடியிலயும் முளை நிக்குது. இன்னிக்கு நானே வெட்டுறதாத்தான் இருந்தேன், வேலை மிச்சம்."

டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ரெண்டு வாரம் கழிச்சு மாடிக்கு வாங்க. கத்தியும் கொண்டாங்க. எத்தனை தடவை வேணும்னாலும் வெட்டுங்க."