காலிச் சத்தம்

கரண்டி கை நழுவி விழுந்தது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, கொஞ்ச நாளாக அவள் கையில் எதுதான் நின்றது? விழுந்த சத்தம்தான் சரியில்லை. ணங்கென்று கேட்டு அடங்க வேண்டியது, அடுப்புக்கு நேர் கீழே காலிக் குடத்தின் மேல் பட்டது போலத் தொம்மென்று ஒலித்து, தரைக்குள்ளேயே கொஞ்ச தூரம் போய் நின்றது.

டைல்ஸ் மேஸ்திரியின் பெண்டாட்டிக்கு அந்தச் சத்தம் தெரியாதா? அடியில் கலவை நிரம்பாத டைல்ஸைத் தட்டினால் வருகிற காலிச் சத்தம் அது. அவள் வீட்டுக்காரர் ஒவ்வொரு டைல்ஸையும் பதித்ததும் கலவை பூசும் கரணையின் மரப்பிடியால் இரண்டு தட்டு தட்டுவார். காதைச் சாய்த்துக் கேட்பார். திருப்தியானதும் குழந்தையின் முதுகைத் தட்டுவது போல மூன்றாவதாக ஒன்று தட்டிவிட்டு அடுத்ததுக்கு நகர்வார். "நான் போட்ட தரையில காலிச் சத்தம் கேட்டுச்சுன்னா மீசைய எடுத்துடறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சவால் விடுவார். அவருக்கு மீசையே கிடையாது என்பது வேறு விஷயம்.

அப்படிப்பட்ட மனிதர் ஒரு காலையில் வேலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "கதவச் சாத்திக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை நடந்த கட்டடத்துக்குப் போய்ச் சேரவில்லை. வீட்டில் சண்டையில்லை. வெளியில் பகையில்லை. போன் அணைந்தது அணைந்ததுதான். அவர் வாசலைத் தாண்டிப் போனதைப் பார்த்தது அவள் ஒருத்தி மட்டும். மகள் சுண்டு அப்போது தூங்கிக்கொண்டிருந்தாள்.

போலீஸ் ஒரு போட்டோ கேட்டபோதுதான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள். அவர் சிரித்திருந்த ஒரே போட்டோவாயிற்றே என்று கொடுத்துவிட்டாள். ஊரார் வீட்டுத் தரையையெல்லாம் போட்டு முடித்து, கடைசியில் மிச்சம் மீதிகளை வைத்துப் போட்ட சொந்தச் சமையலறைத் தரை. அதில் முழங்காலில் சாக்குத்துணி கட்டியபடி குந்தி உட்கார்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார். அடுப்புக்குக் கீழே ஒரே ஒரு டைல்ஸைச் சுற்றி மட்டும் இடுக்குப் பூச்சு வேறு மாதிரி வெள்ளை. வைத்திருந்த பாக்கெட் தீர்ந்துபோய், வேறொரு பாக்கெட்டில் மிஞ்சியிருந்ததைக் குழைத்து அடைத்தார். அவள் முகம் சுளித்ததற்கு, "அடுப்படியில இத யாரு பாக்கப்போறா?" என்றார்.

உலகமே பார்த்தது.

முதலில் ஊர் அவரை எங்கெங்கோ அனுப்பி வைத்தது. இன்னொருத்தியோடு போய்விட்டார், கப்பலேறிவிட்டார், ஆற்றில் இறங்கிவிட்டார், புத்தி பிசகி எங்கோ பிச்சையெடுக்கிறார் என்று ஆளுக்கொரு வாய், வாய்க்கொரு கதை. அந்தக் கதைகளில் அவருக்கு உயிராவது பாதி மிஞ்சியிருந்தது. பிறகு தாடிக்காரன் வந்தான். காணாமல் போனவர்களைப் பற்றி வீடியோ போடுவதுதான் அவன் பிழைப்பு. அந்தப் போட்டோவைப் பெரிதாக்கி, வேறு வெள்ளையாக இருந்த இடத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, குரலைத் தாழ்த்தி, "நண்பர்களே, நான் எதுவும் சொல்லல. நீங்களே பாருங்க" என்றான். எதுவும் சொல்லாமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், பாவி.

'அந்த டைல்ஸ் மேலதானே அவரே உட்கார்ந்து சிரிக்கிறார், அப்புறம் எப்படி அதுக்குக் கீழே இருப்பார்?' என்று யாரோ ஒரு புண்ணியவான் கேட்டிருந்தான். 'பிறகு பெயர்த்துப் போட்டிருப்பாள், மேஸ்திரி பெண்டாட்டிக்கு அது தெரியாதா' என்று அவனுக்கு ஆயிரம் பேர் பதில் எழுதினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

போலீஸ்காரர் வந்து தன் தடியால் தரை முழுக்கத் தட்டிப் பார்த்தார். எல்லாம் கெட்டி. "சுத்தமான வேலைம்மா. ஜனங்க பேசறத மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு எல்லாமே கெட்டியாகத்தான் இருந்தது. அவளும் பக்கத்தில் நின்று தன் காதால் கேட்டாள்.

அதனால்தான் இப்போது கரண்டியை எடுக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். விரலை மடக்கித் தட்டினாள். தொம். பக்கத்து டைல்ஸைத் தட்டினாள். கெட்டி. மனதைத் தேற்றிக்கொண்டு எழுந்தாள். ஈரத்தில் தரை இளகுவது உலகத்தில் இல்லாததா என்ன.

மறுநாள் தாடிக்காரனின் அடுத்த வீடியோ வந்தது. அன்று சாயங்காலம் பக்கத்து டைல்ஸும் தொம்மென்றது.

அவள் பார்க்கக் கூடாது என்றுதான் நினைப்பாள். ஆனால் சீருடை தைக்கிற கடையில் அவளுக்கு முன்னும் பின்னும் இருந்த தையல் மெஷின்கள் திடீரென்று ஒன்றாக நிற்கும்போதே தெரிந்துவிடும், புதிதாக ஏதோ வந்திருக்கிறது. அறுந்து போகாத பொத்தானை அறுத்துக்கொண்டு வந்து தைக்கக் கொடுத்துவிட்டு, அவள் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்கள் வேறு. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தால் ஒரு வாடை. புது வீட்டில் வருமே, சுண்ணாம்பும் ஈர சிமெண்டும் கலந்த குளிர்ந்த வாடை, அது. அவர் வேலை முடித்து வந்து சட்டையைக் கழற்றும்போது வருகிற அதே வாடை. முதல் நாள் அதை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு, சட்டை மாட்டும் ஆணியைப் பார்த்து அழுதாள். இரண்டாவது நாள் ஜன்னலைத் திறந்து வைத்தாள். அதற்கப்புறம் திறந்தாலும் போகவில்லை.

இன்னொன்றும் நடந்தது. அதை யாரிடமும் சொல்ல முடியாது. அவர் போன காலையை அவள் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! நீலச் சட்டை என்றுதான் சொல்லி வந்தாள். சாம்பல் சட்டை என்று வீடியோவில் வந்தது. இப்போது கண்ணை மூடினால் சாம்பல் சட்டைதான் தெரிகிறது. வலது தோளில் பை என்று நினைத்தால் பை இல்லை. வாசல் வெளிச்சம் இருக்கிறது, கதவு இருக்கிறது, அவர் மட்டும் துவைத்துத் துவைத்துச் சாயம் போன துணியாக வெளுத்துக்கொண்டே வந்தார்.

நாத்தனார் வந்தது சனிக்கிழமை. கூடத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். காலை மட்டும் தரையில் முழுதாக வைக்கவில்லை.

"தண்ணி கொண்டு வரவா?"

"வேணாம் அண்ணி." சமையலறைப் பக்கம் பார்க்காமல் பார்த்தாள். "நான் நம்பல. எங்க அண்ணன் மேல சத்தியமா நான் நம்பல. ஆனா எங்க வீட்ல எல்லாரும்... அந்த ஒரு டைல்ஸ மட்டும் எடுத்துக் காட்டிட்டா வாயடைச்சிடலாம்ல?"

"உன் அண்ணன் போட்ட தரைடி அது. அவரு திரும்பி வந்து, யாருடி இத பேத்ததுன்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வருவார் என்று இன்னும் சொல்கிற ஆள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான் என்பது அப்போதுதான் அவளுக்கே உறைத்தது.

"சரி அண்ணி. சுண்டு கொஞ்ச நாள் எங்க வீட்ல இருக்கட்டும். நாளைக்குக் காலைல எங்க வீட்டுக்காரரக் கூட்டிட்டு வரேன்."

"எதுக்கு? சுண்டுவுக்கு நானிருக்கேன்."

"அவதான் வரேன்னு சொன்னா அண்ணி."

கதவோரம் நின்றிருந்த சுண்டு தலையைக் குனிந்துகொண்டாள். பள்ளிக்கூடப் பை ஏற்கெனவே துணியால் புடைத்திருந்தது.

நாத்தனார் போனதும் மழை பிடித்துக்கொண்டது. பகலிலேயே வீடு இருட்டி, மின்சாரமும் போனது. அவள் மெழுகுவர்த்தியைக் கொளுத்தி மகளுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னடி, என் மேல உனக்கும் சந்தேகமா?"

"இல்லம்மா." சுண்டு வழிந்த மெழுகை நகத்தால் சுரண்டினாள். "அப்பா போனத நீ நெஜமா பாத்தியா?"

"பாத்தேன்டி. இந்தக் கண்ணால பாத்தேன்."

"அப்ப ஏன்மா அப்பா கீழ இருந்து தட்டறாரு?"

அவள் திட்டலாமென்று வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு கேட்டாள்.

சமையலறையில். மழைக்கு நடுவில். இரண்டு தட்டு. ஒரு நிறுத்தம், யாரோ காதைச் சாய்த்துக் கேட்பது போல. பிறகு செல்லமாக ஒன்று.

அடுத்த டைல்ஸில் இரண்டு தட்டு.

"தெனமும் நீ கடைக்குப் போனப்புறம் தட்டுவாரு" என்றாள் சுண்டு. பயமே இல்லை அந்தக் குரலில். அதுதான் தாங்கவில்லை. "உங்கிட்ட சொன்னா நீ அழுவியேன்னு சொல்லல."

எலியாக இருக்கும். குழாயாக இருக்கும். மழைத் தண்ணீர் அடியில் புகுந்திருக்கும். எதுவாக இருந்தால் என்ன, விடிந்தால் பிள்ளை போய்விடும். போனால் திரும்பாது. ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், நாசமாய்ப் போகட்டும், இந்த ஒரு ஜீவன் நம்பினால் போதும். அவள் எழுந்தாள். பரண் மூலையில் அவருடைய பழைய உளியும் சுத்தியலும் கிடந்தன.

"வா. நீயே கண்ணால பாரு. ஒண்ணுமில்லன்னு பாத்துட்டு அப்புறம் போ."

மெழுகுவர்த்தியை அடுப்பு மேடையில் வைத்தாள். தட்டல் நின்றிருந்தது. வேறு வெள்ளையாக இருந்த இடுக்கில் உளியை வைத்து அடித்தாள். பூச்சு பொடிப்பொடியாக உதிர்ந்தது. 'மன்னிச்சுக்கோங்க' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நெம்பினாள். கெட்டியாக ஒட்டியிருக்க வேண்டிய டைல்ஸ், பாத்திரத்தின் மூடி போலச் சுலபமாக வந்தது.

அடியில் கலவை. மட்டமாக, சீராக, கரணையால் தேய்த்துவிட்டது போல. வேறெதுவும் இல்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"பாத்தியா? பாத்தியாடி? ஒண்ணுமே இல்ல!"

சுண்டு கலவையில் ஒரு விரலை வைத்தாள். விரல் புதைந்தது.

ஈரம்.

எப்போதோ காய்ந்து கல்லாகியிருக்க வேண்டியது.

அப்போது ஜன்னல் இடுக்கு வழியாக வெள்ளை வெளிச்சம் ஒன்று உள்ளே விழுந்தது. யாரோ மழையில் நனைந்துகொண்டு போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் பதறிப்போய், கையிலிருந்த டைல்ஸால் முகத்தை மறைத்துக்கொண்டாள். வழுவழுப்பான பக்கம் வெளியே. அடிப்பக்கம் அவள் கண்ணுக்கு எதிரே. மேடையிலிருந்த மெழுகுவர்த்தி வெளிச்சம் அதன் மேல் பட்டது.

ஈர சிமெண்டில் ஒரு உள்ளங்கை. கீழேயிருந்து மேலே அழுத்திய கை. ஐந்து விரல். அதில் ஆட்காட்டி விரல் மட்டும் குட்டை. கட்டர் மெஷினில் நுனி போன விரல். அவள்தான் ஒரு மாதம் கட்டுப் போட்டு, சாப்பாடு ஊட்டிவிட்ட விரல்.

டைல்ஸ் கையிலிருந்து நழுவியது. சுண்டு அதைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். தன் சின்னக் கையை அந்தப் பெரிய கைக்குள் பொருத்திப் பார்த்தாள்.

"சூடா இருக்கும்மா."

"வச்சிடு. சுண்டு. அதக் கீழ வச்சிடு."

"நீ பாத்தேன்னு சொன்னியே."

பார்த்தாள். பார்த்தாளே. கண்ணை இறுக மூடினாள். அந்தக் காலை. வாசல். வெளிச்சம். கதவு திறந்திருக்கிறது. வெளிச்சம் அப்படியே இருக்கிறது. யாரும் வெளியே போகவில்லை. நீலமில்லை. சாம்பலில்லை. யாருமே. அவளுடைய கைகள் மட்டும் தெரிந்தன, முழங்கை வரை சிமெண்டோடு. கண்ணைத் திறந்தாள். முழங்கை வரை சிமெண்ட்.

ஜன்னலில் இன்னொரு வெளிச்சம் சேர்ந்தது. அப்புறம் இன்னொன்று.

பெயர்த்த இடத்தில் ஈரக் கலவை மெல்ல உப்பியது. தாழ்ந்தது. மறுபடி உப்பியது. மூச்சு. தரையின் அடியிலிருந்து, வாயில் மண் நிறைந்தவர் பேசுவது போல, அவளுக்குப் பழகிய அந்தக் குரல் வந்தது.

"கதவச் சாத்திக்கோ."

சுண்டு குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள். அம்மாவைப் பார்க்கவில்லை. சமையலறை முழுக்க, கூடம் முழுக்க, அம்மா நின்றிருந்த காலடியில், ஒவ்வொரு டைல்ஸுக்கும் கீழே இரண்டு தட்டு கேட்டது. பிறகு நின்றது. காத்திருந்தது.

சுண்டு விரலை மடக்கி, செல்லமாக, மூன்றாவதைத் தட்டினாள்.