திரும்பி வந்த மூன்று தட்டுகள்

துறைமுகக் கடைத்தெருவில் மதியம் ஒரு மணிக்கு எள் போட இடமிருக்காது. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் சட்டை, செருப்பு, பொம்மை என்று பேரம் பேசிக்கொண்டே போவார்கள். ஒரு கடையைத் தாண்டுவதற்குள் நாலு மொழி காதில் விழும்.

அந்தத் தெருவில்தான் கடுகின் அப்பாவும் அம்மாவும் சாப்பாட்டுக் கடை நடத்தினார்கள். கடுகு என்பது அவளுடைய சொந்தப் பெயரல்ல. பத்து வயதுக்கு ஆள் கொஞ்சம் பொடிசு. அதனால் தெருவே அப்படிக் கூப்பிட்டது.

அன்று ஆறு மாலுமிகள் சாப்பிட வந்தார்கள். ஐந்து பேர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுச் சாமான் வாங்கக் கிளம்பினார்கள். ஆறாவது ஆள் மட்டும் எழுந்திருக்கவில்லை. நிமிர்ந்து நின்றால் மின்விசிறியில் தலை இடிக்கும், அவ்வளவு நெட்டை. அவருடைய தட்டில் வறுத்த மீன் வைத்தது வைத்தபடி இருந்தது.

அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. காரமே இல்லாமல் நூடுல்ஸ் செய்து அனுப்பினாள். ஒரு வாயோடு அதுவும் திரும்பி வந்தது. பிறகு ரொட்டி போனது. அதுவும் திரும்பி வந்தது.

அவர்கள் ஊரில் மீனைப் பச்சையாகத்தான் தின்பார்கள் என்றார் அப்பா. பக்கத்துத் துணிக்கடை மாமா எட்டிப் பார்த்து, அவர்களுக்கு மத்தியானம் சாப்பிடும் வழக்கமே கிடையாது என்று அடித்துச் சொன்னார்.

"அப்ப மத்த அஞ்சு பேரும் எப்படி மாமா தட்டை வழிச்சுச் சாப்பிட்டாங்க?" என்று கடுகு கேட்டாள்.

யாரோ கடைக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று மாமா நழுவிவிட்டார்.

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு, "என் கைப்பக்குவமே போயிடுச்சு போல" என்றாள். 

கடுகு குளிர்ந்த தண்ணீர் கொண்டுபோய் வைத்தாள். நெட்டை மாலுமி ஒரு மடக்குக் குடித்தார். உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டார். கை தானாக வலது கன்னத்துக்குப் போனது.

போன மாதம் ஐஸ் கடித்தபோது கடுகும் அப்படித்தான் செய்தாள். அவள் அவர் முன்னால் வாயைப் பெரிதாகத் திறந்து, கடைவாய்ப் பல்லைத் தொட்டுக்காட்டி முகத்தைச் சுளித்தாள். அவர் சுற்றும்முற்றும் பார்த்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

"அம்மா, சமையல் நல்லாத்தான் இருக்கு. அவருக்குப் பல் வலி."

அப்பா தனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் விசாரித்தார். மூன்று நாளாக வலியாம். மாலை ஆறு மணிக்குக் கப்பல் கிளம்பிவிடும். அப்புறம் பன்னிரண்டு நாளைக்குக் கடல்தான்.

செருப்புக் கடை மாடியில் பல் டாக்டர் இருந்தார். மூவரும் போனார்கள். டாக்டரிடம் சொல்ல அப்பா முதலில் ஏறிப் போனார். மாலுமியோ கீழேயே நின்றுவிட்டார். மாடிப்படியைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துப்போனது.

இவ்வளவு பெரிய ஆளுக்கும் பயம் வருமா? கடுகுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள். அவர் அவளுடைய ஒரு விரலை மட்டும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு" என்று முதல் படியில் ஏறினாள்.

அவரும் தன் மொழியில் ஏதோ சொல்லி ஏறினார். அவர்கள் மொழியில் ஒன்றுக்கு அதுதான் சொல் போலிருக்கிறது. இரண்டு, மூன்று, நான்கு என்று இரண்டு மொழியிலும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள். ஏழாவது படியில் கடுகு அவசரமாக "எட்டு" என்றாள். அவர் நின்று, தலையை ஆட்டி மறுத்து, ஏழு விரல்களைக் காட்டினார். இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த சிரிப்பில் மீதிப் படிகள் தெரியவேயில்லை.

இவ்வளவு நேரம் கீழே என்ன செய்தீர்கள் என்று அப்பா கேட்டார்.

"படி நிறைய இருந்துச்சுப்பா" என்றாள் கடுகு. 

டாக்டர் சொத்தைப் பல்லைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து, மிருதுவான சாப்பாடாகச் சாப்பிடச் சொன்னார்.

ஐந்து மணிக்கு மாலுமி தானாகவே கடைக்கு வந்தார். அம்மா சூப் செய்து, ஆறவைத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவோரம் நின்று பார்த்தாள். அவர் குடித்தார். பிறகு கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். அம்மா முகம் வாடியது.

"அம்மா, தள்ளலை. இன்னும் கேக்கிறாரு" என்றாள் கடுகு.

மூன்று கிண்ணம் குடித்துவிட்டு அவர் கப்பலுக்கு ஓடினார். வீட்டுக்கென்று எடுத்துவைத்த சூப்பும் காலி. ராத்திரிக்கு வெறும் ரொட்டியும் முட்டையும்தான் என்று அம்மா சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் முகமெல்லாம் சிரிப்பு.