இருபத்தெட்டு நிமிடங்கள்

வெளியுறவு அலுவலகத்தில் அன்று காலையும் வழக்கம்போல் வாசலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆளுக்கு எட்டு மணி நேர மூச்சைக் கொடுத்தார்கள். செயலாளர் தில்லைநாயகி தன் காற்றுக்குப்பியை இடுப்பில் மாட்டிக்கொண்டு பிரதமர் அறைக்கு ஓடினார்.

செவ்வாய்க் குடியரசுக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பூமியும் வியாழன் கூட்டணியும் எலியும் பூனையுமாக இருந்த காலம். நடுவில் கிடந்த செவ்வாய் இருவரோடும் பேசும், எவரோடும் சேராது. அது பூமிக்குப் பொறுக்கவில்லை. "எங்கள் போர்க்கலங்களுக்கு உங்கள் துறைமுகத்தைத் திறந்துவிடுங்கள். நண்பகலுக்குள் பதில் வராவிட்டால் மருந்துக் கப்பல் பாதி வழியில் திரும்பும்" என்று எழுதிவிட்டது. செந்தூசி படிந்த நுரையீரலோடு படுத்திருக்கும் அறுநூறு குழந்தைகளுக்கான மருந்து அது. அவர்களில் தில்லைநாயகியின் மகள் இசைமதியும் ஒருத்தி.

"ஏம்மா, ஒரு பக்கமா சாஞ்சுட்டுப் போயிடலாமே" என்றார் பிரதமர் ஆரோக்கியசாமி. "உங்க பொண்ணும்ல படுத்திருக்கா."

"இன்னைக்குச் சாஞ்சா அப்புறம் நிமிரவே விடமாட்டாங்க சார். நாம ஒரு நாடு. அவங்க வீட்டுக் கொல்லைப்புறம் இல்ல."

பழைய கடிதங்களைப் பார்த்துப் புதுக் கடிதம் எழுதும் 'வரைவி' என்ற இயந்திரம் மூலையில் நின்றது. அதை நம்பாமல் தில்லைநாயகி தானே எழுதினார்: "சிறிய நாடு என்பதால் எங்களுக்குச் சொந்தப் புத்தி இல்லை என்று எண்ண வேண்டாம். எல்லோருக்கும் நண்பராக இருப்போம், எவருக்கும் ஏவலாளாக இருக்கமாட்டோம்." பூமிக்கு அனுப்பியதை ஊரறிய ஒலிபரப்பவும் செய்தார்கள்.

செய்தி போய்ச்சேரப் பதினான்கு நிமிடம், பதில் வரப் பதினான்கு நிமிடம். தில்லைநாயகி சுவர்க் கடிகாரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மகளின் இருமல் காதுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருந்தது. பெற்றவளே பிள்ளைக்கு எமனாகிவிட்டேனா என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

முப்பதாவது நிமிடம் பதில் வந்தது. ரொம்ப அழுத்தினால் செவ்வாய் வியாழன் பக்கம் ஓடிவிடும் என்று பூமி பயந்திருக்க வேண்டும். கப்பல் தொடர்ந்து வருமாம். தில்லைநாயகி மேசையில் தலை கவிழ்த்து வாய்விட்டு அழுதார். பிரதமர் எல்லோருக்கும் தேநீர் சொன்னார்.

தேநீர் வருவதற்குள் இன்னொரு கடிதம் வந்தது. செவ்வாயின் குட்டி நிலாவான போபோஸிலிருந்து, செவ்வாய்க்காக அங்கே சுரங்கம் தோண்டும் நானூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதியிருந்தார்கள். அன்று காலை அவர்கள் தனிக் குடியரசு ஆகிவிட்டார்களாம். "சிறிய நாடு என்பதால் எங்களுக்குச் சொந்தப் புத்தி இல்லை என்று எண்ண வேண்டாம்" என்று தொடங்கியிருந்தது.

"நானூறு பேருக்கு வெளியுறவுக் கொள்கையா!" பிரதமர் எழுந்தே நின்றுவிட்டார். "நாளைக்கு வியாழன்காரன் கப்பலை நம்ம தலைக்கு மேல கொண்டாந்து நிறுத்துவான். அவங்க குடிக்கிற தண்ணி யாரோடது? என்னம்மா சொல்றீங்க?"

தில்லைநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விடக்கூடாது சார். நம்ம பாதுகாப்பு விஷயம்."

இந்த முறை வரைவியை அழைத்தார். நொடியில் கடிதம் தயார்.

"பொருத்தமான முன்மாதிரி இன்று காலைதான் வந்தது, அம்மா" என்றது வரைவி. "பூமியின் கடிதம். பெயர்களை மாற்றி, மருந்துக் கப்பல் என்ற இடத்தில் தண்ணீர்க் கப்பல் என்று போட்டிருக்கிறேன்."

தில்லைநாயகி இரண்டு முறை படித்தார். ஓரிடத்தில் மட்டும் பேனா நின்றது. போபோஸ் பக்கத்தில்தான் இருக்கிறது, செய்தி போய்வர ஒரு நொடிகூட ஆகாது. அதனால் 'நண்பகலுக்குள்' என்பதை அடித்து 'உடனே' என்று திருத்திவிட்டு, கையெழுத்துப் போட்டார்.